நாவல் படித்தவரும் படிக்காதவரும் ஏன் சண்டை போடுகிறார்கள்? ஃபேன்டசி படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன்டசி நாவல் ஒன்று படமாக வரும்போதெல்லாம் தியேட்டர் வாசலிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. அதன் பிறகு எழும் சந்தேகங்கள் படத்துக்குப் படம் பெரிதாக மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணமாகச் சொல்லும் படங்களின் கதையும் முடிவும் ஆங்காங்கே வெளிப்படும். அவற்றை இன்னும் பார்க்காதவர்கள் கவனம்.

ஒரே படத்தைப் பார்த்துட்டு ஒருத்தர் "அட்டகாசம்"ங்கிறார், இன்னொருத்தர் "கதையைக் கொன்னுட்டாங்க"ங்கிறார். யார் பேச்சை நம்புறது?

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் இருவரும் பார்த்தது ஒரே படமில்லை. நாவலைப் படித்தவர் திரையில் இருக்கும் ஓட்டைகளைத் தன் நினைவிலிருந்து அடைத்துக்கொண்டே பார்க்கிறார். யார் யாருக்கு உறவு, அந்த வாள் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். அதனால் படம் விளக்காமல் விட்டதுகூட அவருக்குப் புரிந்துவிடும். அதே சமயம், மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு படத்தை ஓட்டிப் பார்த்திருப்பதால் சின்ன மாற்றமும் உறுத்தும். புதிதாக வருபவருக்கு இந்த உறுத்தல் இல்லை. அவர் முழி பிதுங்குவது இருபது நிமிடத்துக்குள் வந்து விழும் பெயர்களில்தான்.

1984இல் டேவிட் லிஞ்ச் இயக்கிய 'டியூன்' வெளியானபோது சில அரங்குகளில் அருஞ்சொற்பொருள் அச்சடித்த தாளையே கையில் கொடுத்தார்கள். (அது அறிவியல் புனைவு என்றாலும் சிக்கல் இதே சிக்கல்தான்.) விமர்சனம் எழுதியவர் நாவலைப் படித்தவரா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் நிலையில் இருப்பவர் சொல்வதற்கே அதிக எடை கொடுங்கள்.

புத்தகத்தைப் படிச்சுட்டுப் போகணுமா? இல்ல படத்தைப் பார்த்துட்டுப் படிக்கலாமா?

படத்தை முதலில் பார்த்தால் இரண்டையும் ரசிக்கும் வாய்ப்பு அதிகம். படத்துக்குப் பிறகு நாவல் விரிந்துகொண்டே போகும். நாவலுக்குப் பிறகு படம் சுருங்கித்தான் தெரியும். கதையின் பெரிய திருப்பத்தைப் பக்கங்களில்தான் சந்திக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் நாவலை முதலில் எடுக்கலாம்.

படித்துவிட்டுத்தான் போவேன் என்றால், வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அவசரமாக முடிக்காதீர்கள். நாவல் சூடாக மனத்தில் இருக்கும்போது படம் பார்த்தால், விடுபட்டவற்றை எண்ணுவதிலேயே மூன்று மணி நேரமும் போய்விடும். சில மாத இடைவெளி விட்டால், உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான காட்சிகள் மட்டும்தான் நினைவில் தங்கியிருக்கும்.

மூணு மணி நேரம் படம் எடுத்தும் இவ்வளவு வெட்டணுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஆங்கிலத் திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது பொது வழக்கு. இரண்டு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 120 பக்கம், அதுவும் நிறைய வெற்றிடம் விட்டுத் தட்டச்சு செய்த பக்கங்கள். ஒரு லட்சம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட நாவலை ஒலிப்புத்தக வேகத்தில் வாசித்தால் பத்துப் பதினோரு மணி நேரம் ஆகும். பெரிய ஃபேன்டசி நாவல்கள் அந்த அளவை எளிதில் தாண்டுபவை.

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு நாவல்களில் ஐந்தாவதுதான் மிகப் பெரியது. 2007இல் அது படமாக வந்தபோது ஓடியது 138 நிமிடம். அதுவரை வந்த ஐந்து படங்களில் அதுதான் குறுகியது. நாவல் எவ்வளவு பெரிது என்பது படத்தின் நீளத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்போ வெட்டினா தப்பே இல்லையா? நல்ல வெட்டு எது, கெட்ட வெட்டு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நாவலில் ஒரு காட்சி தனியாக நிற்பதில்லை. பின்னால் நடக்கப்போகும் எதையோ அது தாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வெட்டிய காட்சி நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பதைவிட, அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது, அந்தச் சுமையை இப்போது படத்தில் யார் தாங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

யாரையும் மயக்கும் ஒரு தீய மோதிரத்தை அழிக்கப் போகும் கதை 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அதன் முதல் படத்தில் (2001), வழியில் நாயகர்களுக்கு உதவும் டாம் பாம்படில் என்பவர் வரும் அத்தியாயங்கள் மொத்தமாக இல்லை. ரசிகர்கள் இன்றுவரை புலம்பினாலும் படம் சரிந்துவிடவில்லை, ஏனென்றால் அவர் மைய ஓட்டத்துக்கு வெளியே இருப்பவர். ஆனாலும் ஒரு நூல் அறுந்தது. நாயகன் ஃப்ரோடோவின் தோழன் மெரியின் குத்துவாள் நாவலில் அந்தப் பகுதியை ஒட்டித்தான், ஒரு பழைய புதைமேட்டிலிருந்து, கிடைக்கிறது. சூனிய மன்னன் என்ற பகைவனின் நாட்டுக்கு எதிராகவே அடிக்கப்பட்ட வாள் அது. அதனால்தான் பின்னாளில் மெரி குத்தும்போது அவன் நிலைகுலைகிறான். படத்தில் அப்படியொரு வாளே இல்லை, அவர்களோடு வரும் வீரன் ஆரகார்ன் போகிறபோக்கில் ஏதோ வாள்களைக் கொடுத்துவிடுகிறான். குத்து விழுகிறது, காரணம் காணோம்.

இன்னும் மோசமான வெட்டு ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் படமான 'ப்ரிஸனர் ஆஃப் அஸ்கபான்' (2004) படத்தில் இருக்கிறது. பள்ளிக்குள் நடமாடுபவர்களைக் காட்டும் மாய வரைபடத்தை வரைந்த நால்வர் யார் என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை. ஹாரியின் தந்தை கலைமானாக உருமாறக்கூடியவர் என்பதும் சொல்லப்படவில்லை. அதனால் ஹாரியின் காவல் உருவம் கலைமானாக வரும் உச்சக்காட்சி, படிக்காதவர்களுக்கு அழகான ஒளிவிளையாட்டாக மட்டுமே மிஞ்சுகிறது. நாலைந்து வசனத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். இத்தனைக்கும் அந்த வரிசையில் காட்சியமைப்பில் மிகச் சிறந்த படம் இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரே படத்துக்கு இரண்டு விதத் தீர்ப்பு வருவது இப்படித்தான்.

கண்ணு கலர், முடி கலருக்கெல்லாமா சண்டை போடுவாங்க?

போடுவார்கள், சில சமயம் நியாயமாகவே. நாவலில் ஹாரியின் கண்கள் பச்சை. நடித்த டேனியல் ராட்க்ளிஃபின் கண்கள் நீலம். பச்சை லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள், அவர் கண்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டார்கள். இதுவரை குறையே இல்லை. கதைக்குத் தேவை பச்சை நிறமல்ல. "உன் அம்மாவின் கண்கள்" என்று பலரும் சொல்லும் அந்த ஒற்றுமை மட்டும்தான்.

கடைசிப் படத்தில் (2011) அம்மாவின் சிறு வயதுக் காட்சி வருகிறது. அந்தச் சிறுமியின் கண்கள் பழுப்பு. ஒரு பெரிய மர்மமே அந்தக் கண்களின் ஒற்றுமையில் தொங்கும்போது இது கவனக்குறைவுதான். முந்தைய பதிலில் சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், எந்தப் புகாரைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்பது சட்டென்று தெரியும்.

ஹீரோவோட வயசைக் கொஞ்சம் கூட்டினா என்ன குடி முழுகிடும்?

குழந்தை நடிகர்களுக்கு ஒரு நாளில் வேலை நேரக் கட்டுப்பாடு உண்டு. பெரிய பையன் என்றால் படப்பிடிப்பு சுலபம், பதின்ம வயதுப் பார்வையாளர்களும் வருவார்கள். கூட்டுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

குடி முழுகுவது அடுத்த படத்தில். பெர்சி ஜாக்சன் நாவல் வரிசையில் நாயகனுக்கு 12 வயது. அவன் 16ஐ எட்டும்போது உலகத்தின் தலைவிதி தீர்மானமாகும் என்று ஒரு முன்னறிவிப்பு உண்டு. ஐந்து நாவல்களும் அந்த நான்கு வருடக் கெடுவில்தான் ஓடுகின்றன. 2010 படத்தில் அவனை உயர்நிலைப் பள்ளி மாணவனாக்கினார்கள், முதல் நாவலிலேயே நிழலாக வரும் முதன்மைப் பகைவனையும் எடுத்துவிட்டார்கள். விளைவு: 2013இல் வந்த இரண்டாம் படம், முன்னறிவிப்பில் உள்ள வயதையே மாற்றி, விட்டுப்போன பகைவனையும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது படம் வரவில்லை.

புத்தகத்துல இல்லாத ஆளை ஏன் சேர்க்கிறாங்க?

பெரும்பாலும் ஒரு குறையை நிரப்பத்தான். 'தி ஹாபிட்' நாவலில் (1937) சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெண் பாத்திரம்கூட இல்லை. படத்தில் டாரியல் என்ற, எல்ஃப் எனும் மாய இனத்து வீராங்கனையைச் சேர்த்தார்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவளை ஒரு முக்கோணக் காதலுக்குள் தள்ளியதுதான் வினை. மூலக்கதையில் எங்குமே வேர் பிடிக்காத அந்தக் காதல், போர்க்களத்தில் ஒரு சாவோடு உதிர்ந்துவிடுகிறது.

புதுப் பாத்திரத்தைச் சேர்ப்பதைவிட இருக்கும் பாத்திரத்துக்கு வேலையை மாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் நன்றாக அமைகிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் காயம்பட்ட ஃப்ரோடோவைத் தேடி வருபவர் நாவலில் க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப், படத்தில் ஆரகார்னின் காதலி ஆர்வென். ஒரு முறை மட்டும் வந்து போகிறவரை நீக்கி, பின்னால் தேவைப்படுகிறவளை முன்கூட்டியே காட்டிவிட்டார்கள்.

ஒரே புத்தகத்தை ரெண்டு படம், மூணு படம்னு இழுக்கிறது காசுக்குத்தானே?

காசும்தான். ஆனால் எல்லாப் பிரிப்பும் ஒன்றல்ல. நாவலின் நடுவில் இயல்பான ஒரு மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கதையின் திசை மாறும் இடம், ஒரு பெரிய இழப்பு, ஒரு பயணத்தின் முடிவு இப்படி ஏதாவது. ஹாரி பாட்டரின் ஏழாவது நாவலை ஒரு மரணத்தோடு நிறுத்தி இரண்டாக்கினார்கள் (2010, 2011). முதல் பாதி மெதுவாக நகர்ந்தது என்று பலர் குறைபட்டாலும் கதை கெடவில்லை.

'தி ஹாபிட்' முதலில் இரண்டு படங்களாகத் திட்டமிடப்பட்டு, 2012 நடுவில்தான் மூன்று என்று அறிவிக்கப்பட்டது. படப்பிடிப்பின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருந்தது. அதனால்தான் இரண்டாம் படம் டிராகன் நகரை நோக்கிப் பறக்கும் நொடியில் அறுந்து நிற்கிறது, மூன்றாம் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே டிராகன் செத்துவிடுகிறது. ஒரு வருடம் காத்திருந்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

புத்தகத்துல அவன் மனசுல ஓடுறது எல்லாம் தெரியும். படத்துல மரக்கட்டை மாதிரி நிக்கிறானே?

நடிகரைத் திட்டுவதற்கு முன் திரைக்கதையைப் பாருங்கள். எண்ண ஓட்டத்தைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் தழுவலிலேயே கடினமான வேலை. முதல் கேள்வியில் சொன்ன 1984 'டியூன்' அதைப் பின்னணிக் குரலில், கிசுகிசுப்பாகப் பேசவைத்தது. பாத்திரம் முறைத்துக்கொண்டு நிற்க, குரல் மட்டும் ஓடும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நல்ல தீர்வுக்கு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் படமான 'தி டூ டவர்ஸ்' (2002) படத்தில், மோதிரத்துக்கு அடிமையான கோலம் (Gollum) என்ற பாத்திரத்தின் காட்சி. அவனுக்குள் இருக்கும் இரண்டு மனங்களையும் இரண்டு பேர் உட்கார்ந்து வாதாடுவதுபோல் கேமராக் கோணத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். விளக்கக் குரலே தேவைப்படவில்லை.

நல்லவனை ஏன் பாதி கெட்டவனா மாத்துறாங்க?

அநேகமாக 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் படைத்தலைவன் ஃபாராமிரை மனத்தில் வைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள். நாவலில் அவன் மோதிரத்தை ஏறெடுத்தும் பார்க்க மறுக்கிறான். படத்தில் ஃப்ரோடோவைக் கைதியாக்கி இழுத்துக்கொண்டு போகிறான், பிறகே மனம் மாறி விடுவிக்கிறான். திரைக்கதையாளர்கள் சொன்ன காரணம்: யாரையும் மயக்கிவிடும் மோதிரம் என்று அத்தனை நேரம் பயமுறுத்திவிட்டு, ஒருவன் சாதாரணமாக "வேண்டாம்" என்றால் அந்தப் பயம் காற்றுப்போன பலூனாகிவிடும்.

வாதம் சரியானதுதான். ஆனாலும் மோதிரத்தின் ஆசையில் அண்ணன் தோற்ற இடத்தில் தம்பி ஃபாராமிர் நிமிர்ந்து நிற்கிறான் என்பது நாவலில் ஒரு பெரிய ஆறுதல். அதை இழந்தவர்களின் வருத்தத்தை அடம் என்று ஒதுக்க முடியாது. இதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

படம் ஏன் பாதியில கரண்ட் போன மாதிரி முடியுது?

அடுத்த பாகத்துக்குச் சேமித்து வைத்திருப்பார்கள். இதன் ஆபத்துக்கு 'தி கோல்டன் காம்பஸ்' (2007) போதும். நாவலின் இருண்ட இறுதி அத்தியாயங்களைப் படம்பிடித்தும், அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டு, நம்பிக்கையூட்டும் ஒரு பயணக் காட்சியோடு முடித்தார்கள். அடுத்த படம் வரவே இல்லை. படித்தவர்களுக்கு முடிவு போயிற்று, படிக்காதவர்களுக்கு முடிவு என்ற ஒன்று இருந்ததே தெரியாமல் போயிற்று.

எழுத்தாளரே கூட இருந்தாராமே, அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?

"கூட இருந்தார்" என்பதற்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. உரிமையை விற்கும் ஒப்பந்தங்களில் எழுத்தாளருக்கு வழக்கமாகக் கிடைப்பது கருத்துச் சொல்லும் வாய்ப்பு. முடிவெடுக்கும் அதிகாரம் அபூர்வம். 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' (1984) படத்தால் கொதித்துப்போன நாவலாசிரியர் மிகயேல் எண்டே, தன் பெயரையே நீக்கச் சொன்னார். அந்தப் படம் நாவலின் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டது.

எதிர்ப்பக்கத்தில் 'தி பிரின்சஸ் பிரைட்' (நாவல் 1973, படம் 1987). நாவலாசிரியர் வில்லியம் கோல்ட்மேனே திரைக்கதையும் எழுதினார். அவர் அதற்கு முன்பே திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கியவர் என்பதை மறந்துவிடக்கூடாது. நாவலில் நீண்டு போகும் "இது வேறொருவர் நூலின் சுருக்கம்" என்ற விளையாட்டை, உடம்பு சரியில்லாத பேரனுக்குத் தாத்தா கதை வாசிப்பதாக மாற்றினார். தன் நாவலையே தயங்காமல் வெட்டத் தெரிந்தவர் அமைந்தால்தான் எழுத்தாளர் கூட இருப்பதில் பலன்.

கிராஃபிக்ஸுக்கு அவ்வளவு செலவு பண்ணியும் டிவி சீரியல் மாதிரி தெரியுதே?

இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள். ஒன்று ஃப்ரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை தனிப் படங்கள் ஓடுகின்றன என்பது. வழக்கமான படம் நொடிக்கு 24 ஃப்ரேம். 2012 'ஹாபிட்' சில அரங்குகளில் 48இல் ஓடியது. அசைவில் இருக்கும் இயல்பான மங்கல் குறைந்து எல்லாம் துல்லியமாகிவிட, கோட்டை செட்டாகவும் தாடி ஒட்டுத்தாடியாகவும் தெரிந்தன. வீட்டு டிவியில் 24 ஃப்ரேம் படமே இப்படித் தெரிந்தால், பட அமைப்பில் 'மோஷன் ஸ்மூத்திங்' அல்லது அதை ஒத்த வசதி ஓடிக்கொண்டிருக்கும், அணைத்துவிடுங்கள்.

"இருட்டா இருக்கு" என்ற புகார் வேறு. 3டி கண்ணாடியும் புரொஜெக்டரின் 3டி அமைப்பும் சேர்ந்து பாதிக்கும் மேற்பட்ட ஒளியை விழுங்கிவிடும். குகை, இரவுப் போர் நிறைந்த ஃபேன்டசி படத்தை 2டியில் பார்ப்பதே மேல்.

ரேட்டிங் 90 சதவீதம்னு இருக்கு, எனக்கு மட்டும் ஏன் பிடிக்கல?

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் காட்டும் சதவீதம் மதிப்பெண் இல்லை. எத்தனை விமர்சகர்கள் "பரவாயில்லை"க்கு மேல் சொன்னார்கள் என்ற விகிதம். பத்துக்கு ஆறு என்று எல்லோரும் சொன்னாலே 100 சதவீதம் வந்துவிடலாம். சராசரி மதிப்பெண் வேண்டுமானால் மெட்டாக்ரிட்டிக் இணையதளத்தைப் பாருங்கள்.

சினிமாஸ்கோர் என்பது அமெரிக்க அரங்குகளில் வெளியீட்டு நாளில் வந்தவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பு. முதல் நாள் வருபவர்கள் பெரும்பாலும் நாவலின் ரசிகர்கள், ஆகவே அந்த மதிப்பீடு நாவல் படித்தவர்களின் பக்கம் சாயும். பார்வையாளர்கள் வாக்களிக்கும் ஐஎம்டிபி தளத்தில் சராசரியை விட்டுவிட்டு எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை வாக்கு என்ற பட்டையைப் பாருங்கள். பத்திலும் ஒன்றிலும் மட்டும் குவிந்திருந்தால் அங்கே நடப்பது சண்டை. ஏழு எட்டில் குவிந்திருந்தால்தான் அது மதிப்பீடு.

நீளமான பதிப்பைப் பார்த்தா எல்லாம் சரியாகிடுமா?

அறுந்த நூல் ஒட்டும், ஓட்டம் தளரும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படமான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' (2003) அரங்கில் 201 நிமிடம். வில்லன்களில் ஒருவனான மந்திரவாதி ஸாருமானுக்கு என்ன ஆயிற்று என்பதையே காட்டவில்லை. நீட்டித்த பதிப்பில்தான் அவன் சாகிறான். அந்தப் பதிப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டும். முதல் முறை பார்ப்பவர் அரங்கப் பதிப்பையும், நாவல் படித்தவர் நீட்டித்த பதிப்பையும் எடுக்கலாம். படம்பிடிக்கவே படாத காட்சி எந்தப் பதிப்பிலும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பேசாம வெப் சீரிஸா எடுத்திருக்கலாமே?

இடம் கிடைக்கும், சரி. ஆனால் செலவு அத்தியாயங்களுக்குப் பங்கு போடப்படும். டிராகன் மூன்று அத்தியாயத்துக்கு ஒரு முறைதான் தலைகாட்டும். பயணமும் பேச்சும் நிறைந்த நாவலுக்குத் தொடர் பொருந்தும். ஒரே மூச்சில் ஓடும் கதைக்குப் படமே பொருந்தும்.

புத்தகத்தை அப்படியே எடுக்காமலும் நல்ல படம் வர முடியுமா?

'ஹவுல்ஸ் மூவிங் கேஸில்' பாருங்கள். 1986 நாவலில் போர் தூரத்துச் செய்தியாகத்தான் இருக்கிறது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் 2004 படத்தில் அதுவே மையம். மந்திரவாதி ஹவுல் நம் உலகத்தைச் சேர்ந்தவன் என்ற நாவலின் திருப்பம் படத்தில் இல்லவே இல்லை. இருந்தும் நாவலாசிரியர் டயானா வின் ஜோன்ஸுக்கே படம் பிடித்திருந்தது. சாபத்தால் கிழவியான பெண்ணுக்கு அந்த முதுமையே துணிச்சலைக் கொடுக்கிறது என்ற ஒன்றைப் படம் கைவிடவில்லை.

'எரகான்' (2006) இதற்கு நேர்மாறு. கதையின் பெயர்களும் சம்பவ வரிசையும் ஓரளவு இருக்கின்றன. ஆனால் குட்டி டிராகன் வானில் ஒரு முறை பறந்துவிட்டு முழு வளர்ச்சியோடு இறங்குகிறது. நாவலில் அது மெல்ல மெல்ல வளரும் காலத்தில்தான் சிறுவனுக்கும் அதற்கும் பந்தம் உருவாகிறது. பந்தம் உருவாக நேரமே கொடுக்காமல், பின்னால் அந்தப் பந்தத்துக்காக நம்மை அழச் சொன்னால் எப்படி?

நானும் விமர்சனம் எழுதப்போறேன். ரெண்டு கட்சிக்கும் உதவுற மாதிரி எப்படி எழுதுறது?

முதல் வரியிலேயே நாவலைப் படித்திருக்கிறீர்களா, எப்போது படித்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். படம் தன்னளவில் புரிகிறதா என்பதைத் தனிப் பத்தியாகவும், நாவலோடான ஒப்பீட்டை அதற்குப் பிறகும் வையுங்கள். திருப்பங்கள் ஒப்பீட்டுப் பகுதியில்தான் வெளிப்படும் என்பதால் அதற்கு முன் ஓர் எச்சரிக்கை போடுங்கள். "அந்தக் காட்சி இல்லை" என்று மட்டும் எழுதினால் படிக்காதவருக்கு ஒன்றும் விளங்காது. அது இல்லாததால் எந்த இடம் புரியாமல் போகிறது என்று எழுதுங்கள். முடிந்தால் நாவலே தெரியாத ஒருவரோடு போய்விட்டு, வெளியே வந்ததும் "கதை என்ன?" என்று அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு பிறகு எழுத உட்காருங்கள்.